வான் நியூமன் அந்த மெஷினைக் கட்டினாரா?

தேனிக்காரன்

பாலிடெக்னிக் ஒன்றில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறேன். பதினாறு வருஷமாக போர்டில் அதே படம்தான்: மேலே கட்டுப்பாட்டுப் பகுதி, பக்கத்தில் கணக்குப் பகுதி, கீழே மெமரி, இரண்டு பக்கமும் இன்புட், அவுட்புட். தலைப்பு: வான் நியூமன் ஆர்க்கிடெக்சர். போன செவ்வாய்க்கிழமை கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி, "சார், இந்த மெஷினை அவரா கட்டினார்?" என்று கேட்டாள். ஆமாம் என்று வாய் வரை வந்துவிட்டது. நல்லவேளை, சொல்லவில்லை. எனக்கே தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

வீட்டில் வந்து சொன்னால், எம்.ஏ. பொருளாதாரம் படித்த மனைவி, "இந்தப் பேர் எங்க கேம் தியரி பாடத்துலயும் இருந்துச்சே" என்கிறாள். ஒரே ஆளா, இரண்டு பேரா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தேர்வுக்கான குறிப்பு வேண்டாம், அது என்னிடமே இருக்கிறது.

சில்லறைக்காசு

ஒரே ஆள்தான் சார். 1903 டிசம்பர் 28, புடாபெஸ்ட். அப்பா வங்கிக்காரர், வசதியான யூதக் குடும்பம். பையனுக்குக் கணக்கில்தான் உயிர். ஆனால் கணக்கு சோறு போடுமா என்று அப்பாவுக்குக் கவலை (எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா?). கடைசியில் இரண்டையும் படித்தார். ஜூரிக்கில் கெமிக்கல் இன்ஜினியரிங் பட்டம், புடாபெஸ்டில் கணிதத்தில் டாக்டர் பட்டம். இரண்டும் 1926இல். அப்பாவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று.

1930இல் அமெரிக்காவுக்குப் போனார். 1933 முதல் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தில் பேராசிரியர். ஐன்ஸ்டீனும் அதே இடத்தில்தான் இருந்தார்.

ஐயம்_திரிபு

முதலில் பெயரைச் சரியாகச் சொல்வோம். ஜெர்மன் உச்சரிப்பில் அது "ஃபொன் நொய்மன்".

சில்லறைக்காசு

ஹங்கேரிக்காரர்கள் "நொய்மன் யானோஷ்" என்பார்கள், அமெரிக்காவில் எல்லோருக்கும் "ஜானி". நம் கல்லூரிகளில் நியூமன். சிலபஸ் மாறும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பழைய_புரோகிராமர்

தேனிக்காரன் சார், உங்கள் மாணவிக்குப் பதில்: இல்லை, அவர் கட்டவில்லை. அந்தப் பெயரில் ஒரு பெரிய அநியாயம் ஒளிந்திருக்கிறது என்பது என் கட்சி.

1944 கோடை. மேரிலாந்து மாநிலத்தில் அபர்டீன் ரயில் நிலைய பிளாட்பாரம். ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் என்ற இளம் ராணுவ அதிகாரி ரயிலுக்குக் காத்திருக்கிறார். அவரும் கணிதம் படித்தவர். பக்கத்தில் வந்து நிற்பது உலகப் புகழ் பெற்ற வான் நியூமன். துணிந்து போய்ப் பேச்சுக் கொடுக்கிறார். பிலடெல்பியாவில் நாங்கள் ஒரு மின்னணுக் கணக்கு யந்திரம் கட்டுகிறோம், வினாடிக்கு 300க்கு மேல் பெருக்கல் போடும் என்கிறார். அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று மாறிவிட்டாராம். முனைவர் பட்டத்துக்கு வாய்மொழித் தேர்வில் உட்கார்ந்தது போல இருந்தது என்று கோல்ட்ஸ்டைனே பின்னால் எழுதியிருக்கிறார்.

அந்த யந்திரம்தான் எனியாக். 18,000 வால்வுகள் (டிரான்சிஸ்டருக்கு முன்னால் இருந்த கண்ணாடிக் குழாய்கள்), 30 டன். கட்டியவர்கள் ஜான் மாக்லி, ப்ரெஸ்பர் எக்கர்ட். வான் நியூமன் எட்டிப் பார்த்தபோது வடிவமைப்பு முடிந்து வேலை நடந்துகொண்டிருந்தது. அதில் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற வேண்டுமென்றால் கேபிள்களைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகி, ஸ்விட்ச்சுகளைத் திருப்பி வைக்க வேண்டும். ஒரு நாள், இரண்டு நாள் போய்விடும். இது சரிப்படாது, அடுத்த மெஷினில் கட்டளைகளையும் மெமரியிலேயே வைக்கலாம் என்ற பேச்சு அந்தக் குழுவில் ஏற்கெனவே இருந்தது. பாதரசக் குழாயில் ஒலியலையாக எண்களைச் சேமிக்கும் யோசனை எக்கர்ட்டுடையது.

அடுத்த மெஷினின் பெயர் எட்வாக். அதற்கான கூட்டங்களில் வான் நியூமன் உட்கார்ந்தார், பேசினார், அணுகுண்டு ஆய்வுக்கூடம் இருந்த லாஸ் அலமாஸ் போனபோது எல்லாவற்றையும் கையால் எழுதி அனுப்பினார். கோல்ட்ஸ்டைன் அதைத் தட்டச்சு செய்யச் சொல்லி, 1945 ஜூன் 30 தேதியிட்டுப் பல பேருக்கு அனுப்பிவிட்டார். 101 பக்கம். அட்டையில் ஒரே பெயர். எக்கர்ட்டும் இல்லை, மாக்லியும் இல்லை. உங்கள் போர்டில் இருக்கும் தலைப்பு அந்த அட்டையிலிருந்து வந்ததுதான் சார்.

கூட்டல்_கழித்தல்

பழையவரே, பாதிக் கதையைச் சொல்லி நிறுத்திவிட்டீர்களே. அந்த 101 பக்கத்துக்குள் என்ன இருக்கிறது?

கட்டும் இன்ஜினியர்கள் வால்வு, பாதரசம், மின்னழுத்தம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பாதிக்கு மேல் போர் ரகசியம். வான் நியூமன் வால்வை ஏறக்குறைய ஒதுக்கியே வைத்துவிட்டார். மூளை நரம்பணுக்களைத் தர்க்கக் கருவிகளாகப் பார்த்து மக்கல்லக், பிட்ஸ் இருவரும் 1943இல் எழுதிய கட்டுரையிலிருந்து குறியீடுகளை எடுத்துக்கொண்டார். யந்திரத்துக்கு "உறுப்புகள்" என்றே பெயர் வைத்தார். "மெமரி" என்ற சொல் நம் வாயில் இப்படிப் புழங்குவதிலும் அந்த அறிக்கைக்குப் பங்கு உண்டு. இந்த உறுப்பு என்ன செய்ய வேண்டும், அதற்கு அடுத்தது எது என்று மட்டுமே கேட்டார். எதை வைத்துக் கட்டுவது என்பது அப்புறம்.

அதனால்தான் அது எங்கே போனாலும் படிக்க முடிந்தது. கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸுக்கு 1946இல் ஒரு பிரதி ஒரே ஒரு இரவுக்குக் கிடைத்தது. ஜெராக்ஸ் இல்லாத காலம், ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்தார். 1949 மே மாதம் அவருடைய எட்சாக் கம்ப்யூட்டர் ஓடியது. வால்வுப் படங்களாக எழுதியிருந்தால் ஒரே இரவில் யாருக்கு என்ன புரிந்திருக்கும்?

பழைய_புரோகிராமர்

புரியும்படி எழுதினார், ஒப்புக்கொள்கிறேன். கல்யாண வீட்டில் சமைத்தவர் ஒருவர், பரிமாறியவர் ஒருவர். பந்தியில் இருப்பவன் பரிமாறியவரைத்தானே பார்க்கிறான். அது மட்டுமில்லை, அந்த அறிக்கை வெளியே போனதால் எக்கர்ட், மாக்லி இருவரின் எட்வாக் காப்புரிமை ஆசையும் போனது. அது ஏற்கெனவே வெளியான சங்கதி என்று 1947இல் ராணுவ வழக்கறிஞர்கள் சொல்லிவிட்டார்கள்.

கூட்டல்_கழித்தல்

போனதால்தான் நமக்கு நல்லது நடந்தது என்பேன். வான் நியூமன் பிரின்ஸ்டனில் தனியாக ஒரு மெஷின் கட்டினார். இன்ஜினியர் ஜூலியன் பிகலோ. 1951இல் ஓட ஆரம்பித்தது. அதன் அறிக்கைகளைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். இல்லினாயில் இலியாக், சிட்னியில் சிலியாக், இஸ்ரேலில் வைசாக், ஸ்டாக்ஹோமில் பெஸ்க். எல்லாம் அந்தக் குடும்பம்தான். பம்பாயில் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960இல் ஓடிய டிஃப்ராக்கும் அதே வம்சம். காப்புரிமை பூட்டுப் போட்டிருந்தால் பம்பாய் எங்கே, பிரின்ஸ்டன் எங்கே.

தேனிக்காரன்

சண்டை நன்றாகப் போகிறது, நடுவில் ஒரு கேள்வி. கட்டளையும் மெமரியில் இருக்கிறது என்பதை நானும் வருஷா வருஷம் சொல்கிறேன். பிள்ளைகள் "சரி சார், அதனால என்ன?" என்ற முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அதை எப்படிக் காட்டுவது?

கூட்டல்_கழித்தல்

பிரின்ஸ்டன் மெஷினையே காட்டுங்கள். மொத்த மெமரி 1,024 சொற்கள், ஒவ்வொன்றும் 40 பிட். ஏறக்குறைய 5 கிலோபைட், இன்று ஒரு சின்ன ஐகானுக்கே போதாது. ஒரு சொல்லில் ஒரு எண்ணை வைக்கலாம், அல்லது 20 பிட் கட்டளைகள் இரண்டை வைக்கலாம். அந்த 20இல் சில பிட் "என்ன செய்", மீதி "எங்கே இருப்பதைச் செய்".

இப்போது 500ஆம் அறையிலிருந்து 599 வரை இருக்கும் நூறு எண்களைக் கூட்ட வேண்டும். "500இல் இருப்பதைக் கூட்டு", "501இல் இருப்பதைக் கூட்டு" என்று நூறு கட்டளை எழுதினால் மெமரி என்னத்துக்கு ஆகும்? ஒரே கட்டளைதான் எழுதுவார்கள்: "500இல் இருப்பதைக் கூட்டு". அது முடிந்ததும் அடுத்து வரும் கட்டளைகள் அந்தக் கட்டளையையே ஒரு எண்ணாகப் பாவித்து, அதிலுள்ள 500ஐ 501 ஆக்கும். திரும்பப் போய் அதையே ஓட்டும். கட்டளை தன்னைத் தானே திருத்திக்கொண்டு நூறு முறை ஓடும்.

அறை எண்ணைத் தனியாக வைத்துக் கூட்டிக்கொண்டே போகும் இன்டெக்ஸ் ரிஜிஸ்டர் எல்லாம் இல்லாத மெஷின் அது. கட்டளையும் எண்ணும் ஒரே பாத்திரத்தில் இருந்ததால்தான் இந்த வித்தை நடந்தது. போர்டில் நூறு கட்டங்கள் வேண்டாம் சார், நான்கு கட்டம் போட்டு, ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு டஸ்டரால் 500ஐ அழித்து 501 எழுதச் சொல்லுங்கள். "அதனால என்ன" முகம் மாறிவிடும்.

பழைய_புரோகிராமர்

இது நல்ல வழி. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலும் தன்னைத் திருத்தும் புரோகிராம் எழுதி, எங்கே உடைந்தது என்று தெரியாமல் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு முழித்திருக்கிறேன். ஃபோர்ட்ரான் என்ற புரோகிராம் மொழியை உண்டாக்கிய ஜான் பேக்கஸ் 1977இல் டூரிங் விருது உரையில் இந்த அமைப்பைப் பிடித்து விளாசினாரே. மெமரிக்கும் கணக்குப் பகுதிக்கும் நடுவே ஒரே ஒரு சந்து, எல்லாம் அதன் வழியாக ஒவ்வொன்றாகத்தான் போக வேண்டும் என்று. அந்த நெரிசலுக்கும் வான் நியூமன் பெயர்தான் வைத்தார்கள். புகழோடு பழியும் ஒரே அட்டையில்.

மணிமேகலை_71

கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவள். நீங்கள் எல்லாம் வால்விலேயே நிற்கிறீர்கள். தேனித் தம்பியின் மனைவி சொன்ன கேம் தியரியைப் பற்றி நான் எழுதுகிறேன்.

ஒத்தையா ரெட்டையா ஆடியிருப்பீர்கள். கையில் புளியங்கொட்டையை மூடிக்கொண்டு ஒருவர் கேட்பார், மற்றவர் ஊகிப்பார். இதில் ஒரு சின்ன மாற்றம் செய்கிறேன். நான் மூடுகிறேன், நீங்கள் ஊகிக்கிறீர்கள். ஒத்தை இருந்து நீங்கள் ஒத்தை என்று சொன்னால் உங்களுக்கு 1 கொட்டை தருகிறேன். ரெட்டை இருந்து சரியாகச் சொன்னால் 3. தப்பாகச் சொன்னால், எதுவாக இருந்தாலும், நீங்கள் எனக்கு 2 தர வேண்டும். ஒன்றும் மூன்றும் நான்கு, இரண்டும் இரண்டும் நான்கு. நியாயமான ஆட்டம்தானே?

இல்லை. எட்டில் ஐந்து தடவை ஒத்தையும் மூன்று தடவை ரெட்டையும், எது எப்போது என்று எனக்கே முன்கூட்டித் தெரியாதபடி மூடுகிறேன் என்று வையுங்கள். நீங்கள் எப்போதும் ஒத்தை என்றே சொன்னால், எட்டு ஆட்டத்தில் ஐந்து கொட்டை ஜெயித்து ஆறு தோற்பீர்கள். எப்போதும் ரெட்டை என்றால் ஒன்பது ஜெயித்துப் பத்துத் தோற்பீர்கள். மாற்றி மாற்றிச் சொன்னாலும் அதே கதிதான். சராசரியில் எட்டு ஆட்டத்துக்கு ஒரு கொட்டை என் பக்கம் வந்துகொண்டே இருக்கும். நீங்களும் எட்டில் ஐந்து தடவை ஒத்தை என்று கலந்து சொன்னால், நான் எப்படி மூடினாலும் அதற்கு மேல் என்னால் பிடுங்க முடியாது.

என்னுடைய உறுதியான லாபமும் உங்களுடைய உறுதியான நஷ்ட வரம்பும் ஒரே எண்ணில் வந்து முட்டுகின்றன, பாருங்கள். இருவர் ஆடும், ஒருவர் ஜெயிப்பதை மற்றவர் தோற்கும் எந்த ஆட்டமானாலும், வழிகள் எத்தனையாக இருந்தாலும் (எண்ணி முடிக்கக்கூடியவையாக இருந்தால் போதும்) அப்படி ஒரு எண் கட்டாயம் உண்டு. இதை நிரூபித்துத்தான் 1928இல் கட்டுரை வெளியிட்டார். அப்போது அவருக்கு 24 வயது. அவருக்கு முன்னால் பிரான்சில் எமில் போரல் சின்ன ஆட்டங்களுக்கு இதைப் பார்த்துவிட்டு, பெரிய ஆட்டங்களுக்குச் செல்லாது என்று சந்தேகப்பட்டிருந்தார்.

ஐயம்_திரிபு

அம்மா, புளியங்கொட்டைக்கும் பொருளாதாரத்துக்கும் என்ன சம்பந்தம்?

மணிமேகலை_71

ஆஸ்கர் மார்கன்ஸ்டர்னுக்கு இருந்த கேள்வியும் ஏறக்குறைய இதுதான் தம்பி. வியன்னாவில் பொருளாதாரப் பேராசிரியர். ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடித்ததும் பிரின்ஸ்டனிலேயே தங்கிவிட்டவர். நான் என்ன செய்வேன் என்று நீ யோசித்து முடிவெடுக்கிறாய், நீ என்ன யோசிப்பாய் என்று நான் யோசிக்கிறேன், இந்தச் சுழலுக்கு முடிவே இல்லையே என்று எழுதிக்கொண்டிருந்தார். அதை அறுக்கும் கத்தி 1928 கட்டுரையில் இருந்தது. இருவரும் சேர்ந்து எழுதிய புத்தகம் 1944இல் வந்தது. 600 பக்கத்துக்கு மேல்.

அதில் எனக்குப் பிடித்த இடம் முன்பகுதியில் வரும் ஒரு டீ. ஒருவருக்குக் காபியை விட டீ பிடிக்கும், பாலை விடக் காபி பிடிக்கும். சரி, எவ்வளவு பிடிக்கும்? அதுவரை பொருளாதாரப் பண்டிதர்கள், பிடிப்பதை வரிசைப்படுத்தலாமே தவிர அளக்க முடியாது என்று சாதித்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் சொன்னார்கள்: ஒரு பக்கம் நிச்சயமாகக் காபி. இன்னொரு பக்கம் மூடிய டம்ளர், நாணயம் சுண்டியது போல டீயும் இருக்கலாம், பாலும் இருக்கலாம். எதை எடுக்கிறார் என்று பாருங்கள். காபியை எடுத்தால், அவருக்குக் காபி பாலை விட்டு விலகி டீயின் பக்கம் நிற்கிறது. அந்த வாய்ப்பை ஐம்பதிலிருந்து கூட்டிக் குறைத்துக்கொண்டே போனால் விருப்பத்துக்கு ஒரு அளவுகோலே கிடைத்துவிடும். காப்பீடு, முதலீடு என்று ரிஸ்க் பற்றி நடத்தும் எந்த வகுப்பும் இந்த டம்ளரிலிருந்துதான் தொடங்குகிறது.

1937இல் வியன்னாவில் வெளியான வளர்ச்சிக் கட்டுரையைப் பற்றி எழுதினால் விடிந்துவிடும். நெல் போட்டு நெல் எடுப்பது போல, ஒரு நாட்டின் எல்லாப் பொருளும் எல்லாப் பொருளையும் உண்டாக்குகிறது என்று வைத்துக்கொண்டு, சமநிலையில் வளர்ச்சி வீதமும் வட்டி வீதமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று காட்டினார். அதற்காக அவர் கையாண்ட நிலைப்புள்ளி முறையை (எப்படி மாற்றினாலும் இடம் மாறாத ஒரு புள்ளி உண்டு என்று காட்டுவது) ககுதானி என்ற ஜப்பானியக் கணித அறிஞர் 1941இல் எளிமையாக்கினார். பின்னால் வந்தவர்கள் சந்தைச் சமநிலையை நிரூபித்தது அந்தக் கருவியை வைத்துத்தான்.

சில்லறைக்காசு

ஆனால் அம்மா, சந்தையில் ஒருவர் ஜெயித்தால் இன்னொருவர் தோற்க வேண்டும் என்று இல்லையே. கடைக்காரருக்கும் லாபம், எனக்கும் கத்திரிக்காய்.

மணிமேகலை_71

நல்ல இடத்தில் பிடித்தாய். அங்கேதான் புத்தகம் தள்ளாடுகிறது. மூன்று பேர் சேர்ந்ததும் யார் யாருடன் கூட்டு என்று கிளம்பிவிட்டார். அது கடைசி வரை முழுசாகக் கனியவில்லை. கூட்டணியே இல்லாமல் அவரவர் பாட்டுக்கு ஆடினால் என்ன ஆகும் என்பதை ஜான் நாஷ் 1950இல் காட்டினார், ககுதானியின் கருவியை வைத்தே. நாஷ் தன் யோசனையோடு போனபோது, இது வெறும் நிலைப்புள்ளித் தேற்றம்தானே என்று வான் நியூமன் தட்டிவிட்டதாக ஒரு கதை உண்டு. நாஷுக்கு 1994இல் நோபல் வந்தது. வான் நியூமன் பொருளாதார நோபல் முதன்முதலில் வழங்கப்படுவதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே, 1957இல், புற்றுநோயில் போய்விட்டார். 53 வயது.

எல்லோரையும் தட்டிவிடுகிறவரும் இல்லை. 1947 அக்டோபரில் ஜார்ஜ் டான்ட்சிக் என்ற கணித அறிஞர் தன் நேரியல் திட்டமிடல் கணக்கோடு (இருக்கும் வளத்தை எப்படிப் பங்கிட்டால் அதிகப் பயன் என்று பார்ப்பது) வந்தார். வான் நியூமன் எழுந்து நின்று ஒரு மணி நேரத்துக்கு மேல் பாடம் எடுத்தார். உன் கணக்கும் என் ஆட்டமும் ஒரே நாணயத்தின் இரண்டு பக்கம் போலத் தோன்றுகிறது என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

வைகறை

இவ்வளவு புகழ்கிறீர்கள். 1945 மே மாதம் எந்த ஜப்பானிய நகரத்தில் அணுகுண்டு போடுவது என்று பரிந்துரைத்த குழுவில் இவர் இருந்தார். கியோட்டோவும் பட்டியலில் இருந்தது. போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன்தான் அதை அடித்தார். நாகசாகிக் குண்டை நாலாபக்கமும் உள்நோக்கி அமுக்கும் வெடிக் கணக்கிலும் இவர் கை உண்டு. போருக்கு அப்புறம் ரஷ்யாவை முந்திக்கொண்டு அடிக்க வேண்டும் என்று பேசியவர். அதையும் எழுதுங்கள்.

கூட்டல்_கழித்தல்

எழுத வேண்டியதுதான், மறுக்கவில்லை. பிரின்ஸ்டன் மெஷினில் ஆரம்பத்தில் ஓடியவற்றில் ஹைட்ரஜன் குண்டுக் கணக்கு உண்டு. அதே ஆள்தான் வானிலைக் கணிப்பையும் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தார். 1950இல் வானிலை அறிஞர்கள் சார்னி, ஃபியோர்டாஃப்டோடு சேர்ந்து எனியாக்கில் 24 மணி நேர வானிலையைக் கணித்தார்கள். கணித்து முடிக்க ஏறக்குறைய 24 மணி நேரம் ஆனது! இரண்டும் ஒரே ஆளிடமிருந்து வந்தது என்பதுதான் சங்கடம்.

பழைய_புரோகிராமர்

பெயர் விட்டுப்போனதைப் பற்றி ஆரம்பித்தவன் நான்தான். இன்னொரு பெயரும் சொல்லிவிடுகிறேன். கிளாரா, அவர் மனைவி. கல்லூரிக் கணிதம் படிக்காதவர். 1948இல் எனியாக்கில் ஓடிய மான்டி கார்லோ கணக்குகளுக்கு (தற்செயல் எண்களை வைத்துப் பல முறை ஓட்டிப் பார்க்கும் முறை), நியூட்ரான் எங்கே போகிறது, எதில் மோதுகிறது என்று ஒவ்வொன்றாகத் தொடரும் புரோகிராமை எழுதியவர்களில் முக்கியமானவர். கேபிள் பிடுங்காமல், கட்டளை வரிசையாக எனியாக் ஓட ஆரம்பித்த வருஷம் அது. இதைப் போர்டில் யார் எழுதப்போகிறார்கள்?

தேனிக்காரன்

நான் எழுதினேன். இன்று வகுப்பில் டஸ்டர் வித்தை செய்தோம், நான்கு கட்டம். கேள்வி கேட்ட அதே மாணவிதான் 500ஐ அழித்து 501 ஆக்கினாள். அப்புறம் எக்கர்ட், மாக்லி, கோல்ட்ஸ்டைன், பிகலோ, கிளாரா என்று தலைப்புக்குக் கீழே எழுதிப்போட்டேன். அந்த 101 பக்கமும் இணையத்தில் கிடைத்தது, காட்டினேன். பல இடத்தில் "இந்தப் பகுதியைப் பார்க்க" என்று சொல்லிவிட்டு எண் போடாமல் காலியிடம் விட்டிருக்கிறார். முதல் வரைவு இல்லையா, அப்புறம் நிரப்பலாம் என்று விட்டது. நிரப்பவே இல்லை. "ரெக்கார்டு நோட்டுல நாங்க இப்படி விட்டா மார்க் குறைப்பீங்களே சார்" என்றாள்.

மணிமேகலை அம்மா, உங்கள் புளியங்கொட்டை ஆட்டத்தை ராத்திரி வீட்டில் பையனோடு ஆடினேன். எட்டில் ஐந்தை எப்படிக் கலப்பது என்று யோசித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். வினாடி முள் 37க்குள் இருந்தால் ஒத்தை, தாண்டியிருந்தால் ரெட்டை. முதல் அரை மணி நேரம் கொட்டை என் பக்கம்தான் சேர்ந்தது. அப்புறம் வரிசையாகப் பன்னிரண்டு ஆட்டம் தோற்றேன், ஒன்று விடாமல்.

மணிமேகலை_71

கடிகாரம் யார் கண்ணில் படும்படி இருந்தது தம்பி?

தேனிக்காரன்

அவனுக்கு நேர் எதிரே.